இரண்டாவது தட்டு

2000 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். ஆறு மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஏழு குடம் பிடித்தேன். இரவில் வாசலில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலைக் கூட்டித் தள்ளினேன். 6.30க்கு அம்மா கேழ்வரகு மாவைப் பெரிய பானையில் கரைத்து, வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். 7.10க்கு மீன் கூடையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குக் கிளம்பினாள். நைனா எழுந்ததும் பானையைப் பார்த்தார். வலையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

என் டைரியில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது. முந்தைய ஆண்டின் கம்பெனி டைரி அது. ஒவ்வொரு பக்கத்திலும் கிழமையை அடித்து நானே திருத்தியிருக்கிறேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. பழக்கம் இன்றுவரை விடவில்லை. நேரம் போடாமல் ஒரு வரி எழுதினால் எனக்கு அது நடந்ததாகவே தோன்றாது.

அந்தப் பெரிய பானையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எண்ணூர்க் கரையோரம் இருக்கும் எங்கள் நெட்டுக்குப்பத்தில் ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். வீட்டுக்கு ஒரு பானை. எல்லாம் கோவில் வாசலில் இருக்கும் அண்டாவில் சேரும். ஆனால் முதல் பானை ஒருத்தியுடையது. அது மற்றவற்றைவிடப் பெரியது. அதன் கூழ் அண்டாவில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் ஊற்றலாம். ஆறு வருடமாக அந்தப் பானை என் அம்மாவுடையது. அந்த வருடம் அந்த உரிமையை அவளிடமிருந்து எடுத்துப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியம்மா என்றால் நைனாவின் அண்ணன் மனைவி, எங்களுக்கு மூன்றாவது வீடு. எடுத்ததற்குக் காரணம் ஒரு சினிமாப் படம். சரியாகச் சொன்னால், அரைப் படம்.

ஆகவே அன்று காலை அம்மாவைப் பெரிய பானையில் மாவு கரைக்கச் சொன்னவர்கள் யாரும் இல்லை. அவளாகக் கரைத்தாள்.

*

அதற்கு முந்தைய வருடம் மே மாதத்தில் எங்கள் கரையில் படம் எடுக்க வந்தார்கள். நான்கு நாள். ஒரு வேன், ஒரு கேமரா, ஒரு பெரிய குடை, பதினொரு ஆட்கள். கொலை, போலீஸ், துப்பறிதல் என்று கதை. டைரக்டருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவருடைய செருப்பை முதல் நாளே அலை கொண்டுபோய்விட்டது. மிச்ச மூன்று நாளும் சுடுமணலில் வெறுங்காலோடு குதித்துக்கொண்டே வேலை பார்த்தார். பிணமாக நடித்தவருக்கும் மணல் சுட்டது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். "பொணம் சோடா கேக்குது, யாராவது வாங்கியாங்கடா" என்று எங்கள் ஆட்கள் கூச்சல் போடுவார்கள்.

இரண்டாம் நாள் அம்மா வியாபாரம் முடித்துக் கூடையோடு அந்தப் பக்கம் நின்றாள். இன்ஸ்பெக்டராக நடிப்பவருக்கு டைரக்டர் வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். பழவேற்காட்டில் வீசிய உடல் மிதந்து வந்து இங்கே ஒதுங்கியது என்பது வசனம்.

"வராது தம்பி," என்றாள் அம்மா.

"எதும்மா வராது?"

"பொணம். பழவேற்காடு நமக்கு வடக்க கீது. இந்த மாசத்துல தண்ணி தெக்கேர்ந்து வடக்க இழுக்குது. அங்க போட்டது ஆந்திராவுக்குப் போவும். இங்க ஒதுங்கணும்னா காசிமேட்டாண்ட போட்டிருக்கணும்."

"வருஷம் பூரா அப்படித்தானா?"

"ஐப்பசி, கார்த்திகைல திரும்பிக்கும். அப்ப வந்து படம் எடு. உன் பொணம் கரீட்டா வந்து சேரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. கவிழ்த்துப்போட்ட படகு ஒன்றின் நிழலில் போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதினார். படத்தில் கொலைகாரன் தப்பிப்பதற்கு ஒரே வழி, அன்று இரவு முழுக்க ராயபுரத்தில் இருந்தேன், பழவேற்காட்டுப் பக்கமே போகவில்லை என்று அவன் சொல்வதுதான். அம்மா சொன்னது அந்த வழியை அடைத்தது. காசிமேடு ராயபுரத்தில்தான் இருக்கிறது; உடலை அங்கிருந்தே போட்டிருக்க வேண்டும் என்றால், ராயபுரத்தில் இருந்தேன் என்று சொன்னவன்தான் மாட்டுவான். டைரக்டர் கதையின் முடிவை அதன்மேல் மாற்றிக் கட்டினார். மீன்காரியாக நடிக்க அழைத்து வந்திருந்த அம்மையார் கருவாட்டு வாடை தாங்காமல் முதல் நாளே ஊர் திரும்பியிருந்தார். அந்த வேடத்தையும் டைரக்டர் அம்மாவிடமே கொடுத்தார்.

உங்களில் பலருக்கும் இது நினைவிருக்கும்: நம் குப்பத்துப் பேச்சைச் சினிமாவில் எதற்குப் பயன்படுத்துவார்கள்? சிரிக்க வைக்க, இல்லையென்றால் அடிவாங்குகிறவனைக் காட்ட. அம்மாவைச் சில மாதம் கழித்துக் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் ஓர் இருட்டறையில் வசனத்தைத் திரும்பப் பேசச் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். அங்கே மெஷின் பார்த்தவர், "நல்ல தமிழ்ல பேசுங்கம்மா, ஜனங்களுக்குப் புரியணும்" என்றார்.

"எனக்குப் புரியுது. என்னாண்ட மீன் வாங்கறவனுக்கும் புரியுது. உனக்கு இன்னா புரியல, சொல்லு," என்றாள் அம்மா.

அவர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் தரையைப் பார்த்தார். அம்மா பேசியதைப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்தக் குரலைப் படத்தில் வைப்பார்களா, வேறு யாரையாவது பேசவைத்து மாற்றிவிடுவார்களா என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் காட்சியே இருக்குமா என்றும் தெரியாது. டைரக்டர் படத்தைப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஆளைக் காணோம்.

*

படம் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. அடுத்த வருடம் ஜூலையில் நேராக வி.சி.டி.யாக வந்தது. இரண்டு தட்டு. முதல் தட்டில் இடைவேளை வரை, இரண்டாவதில் மீதி. எண்ணூர் கேசட் கடைக்கு ஒரே ஒரு பிரதிதான் வந்திருந்தது. அட்டையில் துப்பாக்கி, ரத்தத்துளி, சிவப்புச் சேலையில் ஒரு பெண். அந்தப் பெண் படத்தில் எங்குமே வரமாட்டாள்.

குப்பத்தில் வி.சி.டி. பிளேயர் இருந்தது பெரியம்மா வீட்டில் மட்டும். ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் கட்டியிருப்பார்கள். உப்புக்காற்றுக்கு அது தேவைதான். ஜூலை 9, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்குப் படம் போட்டார்கள். உள்ளே முப்பத்திரண்டு பேர். ஜன்னலில் இருந்தவர்களை எண்ணவில்லை. நம் கரை, நம் படகு, நம் நாய் என்று ஒவ்வொன்றுக்கும் கை தட்டினோம்.

அம்மா வந்தாள். படத்துக்குள் வந்ததைச் சொல்கிறேன். கரையில் கிடக்கும் உடலை மீன்காரி பார்க்கிறாள், குனிகிறாள், பிணத்தின் கையைத் தூக்குகிறாள். விரலில் மோதிரம். அதோடு காட்சி வெட்டுப்படுகிறது. அடுத்ததில் போலீஸ் வருகிறது, மோதிரம் இல்லை. ஸ்டேஷன் வாசலில் ஏட்டு அவளைக் கன்னத்தில் அறைகிறார். ஜீப்பில் ஏற்றுகிறார்கள். இடைவேளை.

அறை விழுந்ததும் வீடு முழுக்கச் சிரித்தது. "அய்ய, வாங்கிக்கினா பாரு." நைனாவும் சிரித்தார். அந்த நேரத்தில்தான் வியாபாரம் முடித்து வந்த அம்மா கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். நைனாவும் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது தட்ட போடுங்க," என்றாள் அம்மா.

போட்டார்கள். சதுரம் சதுரமாக உடைந்து இன்ஸ்பெக்டரின் மூக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் நின்றது. பெரியம்மாவின் தம்பி தட்டை எடுத்து லுங்கியில் துடைத்தார், ஊதினார், பற்பசை தடவிக் கழுவினார். நாம் எல்லோரும் செய்த வைத்தியம்தான். கேட்கவில்லை. "இது காலி," என்றார். எல்லோரும் எழுந்து போனார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு ஓர் அறையும் ஒரு மோதிரமும் பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் குப்பத்தில், கடல் ஒதுக்கிய உடலின்மேல் இருப்பதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கடல் அதை ஊர்க் கணக்கில் எழுதிவைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பார்கள். அந்த ஜூலையில் மீன் படவில்லை. வலை கனக்காமல் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு வாரம் ஆனது. "நடிப்புன்னாலும் கை போச்சு இல்ல" என்றார்கள் சிலர். "சும்மாவா எடுப்பான், எங்கயாவது பார்த்துத்தான் எடுத்திருப்பான்" என்றார்கள் வேறு சிலர். மீதிக் கதையை முழுதாகப் பார்த்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். தண்டையார்பேட்டையில் மச்சான் வீட்டில் பார்த்தேன், கொலை செய்ததே மீன்காரிதான் என்றார் ஒருவர். எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். போடி வேலையப் பார்த்துக்கினு என்றார்.

ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை கோவிலில் கூட்டம். ஊர்த் தலைவர் அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"உம்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. பேச்சு அடங்கட்டும். இந்த வருஷம் மொத பானை வேற வூட்லேர்ந்து வரட்டும்."

"ரெண்டாவது தட்டுல எல்லாம் கீது, தலைவரே."

"நீ பார்த்தியா?"

அம்மா பொய் சொல்ல மாட்டாள். "பாக்கல," என்றாள்.

அதோடு முடிந்தது. வீட்டில் நைனா படம் பார்த்த நாளிலிருந்தே அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். ஊரே சிரிக்கும்படி நடித்துவிட்டாள் என்று நைனாவுக்குக் கோபம், இதுதான் அப்போது நான் டைரியில் எழுதிய வாக்கியம். தப்பான வாக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

*

இரண்டாவது தட்டை நான் கண்டுபிடித்தது ஜூலை 30. தேடிக் கண்டுபிடிக்கவில்லை. பெரியம்மா வீட்டுப் பின்புறம் கருவாடு காயும் கயிற்றில் அது தொங்கிக்கொண்டிருந்தது. வெயில் பட்டுப் பளிச்பளிச்சென்று சுழன்றது. காக்கா விரட்டுவதற்காகக் கட்டியிருந்தார்கள். நடு ஓட்டையில் நைலான் நூல். ஒரு பக்கம் சாம்பலும் உப்பும் அப்பியிருந்தது. துடைத்துப் பார்த்தேன். '2' என்று இருந்தது. மூன்று வாரமாக ஊர் முழுக்க அதன் கீழேதான் போய்வந்துகொண்டிருந்தது. அம்மா தினம் இருமுறை.

பெரியம்மாவிடம் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "காலின்னு எந்தம்பி சொன்னான். கடைக்காரனும் வாணான்னுட்டான். காலித் தட்ட வெச்சுக்கினு பூஜையா பண்ணுவாங்க? ஒரு காக்கா வர்ல தெரியுமா?" சொல்லிவிட்டுத் தட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அடப்பாவமே. இதுலதான் அவ கீறாளா."

அம்மாவிடம் சொன்னேன். கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "காக்காவாவது பயப்படுதே," என்றாள். பிறகு அந்த வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் அன்று கூடையை இரண்டு முறை கழுவினாள்.

வேறு பிரதி எங்கே கிடைக்கும்? கேசட் கடை அண்ணனுக்குத் தெரியவில்லை. "எவனும் கேக்காத படம் பாப்பா. முதல் தட்ட வேணா நீயே எடுத்துக்கினு போ." எடுத்துப் போனேன். வியாழக்கிழமை பள்ளிவிட்டதும், பெரியம்மா வீட்டில், பிளேயரை நிறுத்தி நிறுத்திப் படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதினேன். கேமரா, எடிட்டிங், ஒலி என்று பன்னிரண்டு அட்டை. எதிலும் முகவரி இல்லை. நாம் அந்த அட்டைகளை எப்போதாவது படித்திருக்கிறோமா? பதின்மூன்றாவது அட்டை கண் சிமிட்டும் நேரம் வந்து போனது. மூன்று முறை தவறவிட்டு நான்காவது முறை நிறுத்தினேன். 'போலீஸ் உடைகள் தைத்து உதவிய டெய்லர் பாய், வண்ணாரப்பேட்டை மணிக்கூண்டு அருகில்: நன்றி.'

நேரம் 5.15.

*

ஆகஸ்ட் 5க்கு வருகிறேன். திருவிழாவுக்கு முந்தைய நாள் படகு இறக்க மாட்டார்கள். நைனா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். 8.20க்கு அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். இரண்டு முறை படித்தார்.

"இத்த எப்போ எழுதின?"

"வேயாழக்கெழம, அஞ்சே கால்."

"ரெண்டு நாளா ஏன் சொல்லல?"

"நீதான் யாராண்டயும் பேசறதில்லியே நைனா."

ஊசியை வலையிலேயே குத்தி வைத்தார். "கெளம்பு," என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார். பஸ் திருவொற்றியூரைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

"அன்னிக்கி நான் சிரிச்சேன். நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"டைரில எழுதினியா?"

"எழுதினேன்."

"அட்ச்சுடு."

"அடிக்க மாட்டேன். நடந்ததுதானே."

அவர் தலையசைத்தார். சரிதான் என்பது போல. அவருடைய கோபம் யார்மேல் என்று எனக்கு அப்போதும் முழுதாக விளங்கவில்லை. இப்போது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது விளங்குகிறது. முப்பது பேரோடு சேர்ந்து சிரித்த ஒரு நிமிடத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் நான்கு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். ஜூலை 14ஆம் தேதிப் பக்கத்தில், 'ஊரே சிரிக்கும்படி நடித்துவிட்டாள் என்று நைனாவுக்குக் கோபம்' என்ற வரியை இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் 'தவறு' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

மணிக்கூண்டுக்கு அருகில் ஆடித் தள்ளுபடிக் கூட்டம். துணிமூட்டைகளுக்கு நடுவில் புகுந்து மூன்று டெய்லர்களிடம் கேட்டு நான்காவதில் கண்டுபிடித்தோம். மாடிப்படிக்குக் கீழே இரண்டு தையல் மெஷின் போட்ட கடை, மாடியில் வீடு. பாய்க்கு அறுபது வயதிருக்கும். கழுத்தில் டேப், மூக்கு நுனியில் கண்ணாடி.

"அந்தப் படமா? பதினாலு காக்கிச் சட்ட தெச்சேன்பா. இன்ஸ்பெக்டருக்குத் தொப்ப, மூணு வாட்டி பிரிச்சேன். உங்களுக்கு இன்னா அதுல?"

"அதுல ஏட்டுகிட்ட அடி வாங்கற மீன்காரம்மா, எங்க வூட்டுப் பொம்பள," என்றார் நைனா. அந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "அடிச்ச கைக்குச் சட்ட தெச்சவன் நான்தான். என்னிய வுட்டுடுப்பா." பிறகு நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டை நிறுத்தினார். "முழுசாப் பார்த்தியா நீ?"

"இல்ல பாய். ரெண்டாவது தட்டு கெட்டுப்போச்சு."

அவர் மாடிக்குப் போய் டப்பாவோடு வந்தார். டைரக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி. சட்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். "நான் சொல்ல மாட்டேன். போய்ப் பாரு. இன்னிக்கோ அடுத்த வாரமோ, மெதுவா குடு. அவசரம் இல்ல."

*

மாலை 4.30. பெரியம்மா வீடு. முதல் பானை அவளுக்கு வந்திருந்தது. படம் போடாதே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போடுடி. நாலு வாரமா முடிவு தெரியாம சோறு எறங்கல," என்றாள். தலைவரை நைனாவே போய் அழைத்து வந்தார். இந்த முறை ஜன்னலில் இருந்தவர்களையும் சேர்த்து எண்ணினேன்: நாற்பத்தேழு. அம்மா வாசலில்தான் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "எனக்கு இங்கேர்ந்தே தெரியுது," என்றாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

தட்டு சுழலும் சத்தம். பிறகு படம், ஒரு சதுரம்கூட உடையாமல்.

ஸ்டேஷன் அறை. மேலே ஃபேன் நிழல். மீன்காரி தரையில் குந்தியிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் பழவேற்காட்டு ஆட்களின் பட்டியலைப் படிக்கிறார். அவள் தலை நிமிர்கிறாள்.

"இன்னா சார் வடக்க தேடிக்கினு கீற?"

அம்மாவின் குரல். அம்மாவுடையதேதான். மாற்றவில்லை, ஒரு சொல்லைக்கூட மெழுகவில்லை. நைனா என் தோளைப் பிடித்தார்.

"இது வைகாசி மாசம். தண்ணி வடக்க இழுக்குது. பழவேற்காட்ல போட்டிருந்தா ஆந்திராவுக்குப் போயிருக்கும், நெட்டுக்குப்பத்துக்கு எப்டி சார் வரும்? தெக்க போட்டிருக்கான். ராயபுரத்துல கீறவன் எவன், அவனப் புடி."

இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுகிறார். அவள் முன்னால் நிற்கிறார். வெளியே நின்ற ஏட்டை உள்ளே கூப்பிட்டு, அவளுக்கு உட்கார நாற்காலி போடச் சொல்கிறார். அறைந்த அதே ஏட்டுதான் போடுகிறார்.

 கடலில் நாற்பது வருடம் போன தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கரீட்டு," என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். "கரீட்டாத்தான் சொல்றா." "தண்ணி தெரிஞ்சவ பேச்சு."

பிறகு மோதிரம். முதல் தட்டில் வெட்டிய காட்சியை இங்கே முழுதாகக் காட்டினார்கள். மீன்காரி பிணத்தின் கையைத் தூக்குகிறாள்; மற்றொரு கையோடு சேர்த்து மார்பின்மேல் வைக்கிறாள்; தன் தலையிலிருந்த சும்மாட்டுத் துணியைப் பிரித்து, வெயில் படாமல் அவன் முகத்தை மூடுகிறாள். அவ்வளவுதான். மோதிரத்தைக் கழற்றியது பின்னால் வந்த கொலைகாரனின் கூட்டாளி. முகத்தை மூடச்சொல்லி டைரக்டர் சொல்லவில்லை, அம்மாவாகச் செய்தது என்று எனக்குத் தெரியும். நான் அங்கே நின்றேன்.

அதற்குமேல் கொலைகாரனைப் படகில் துரத்தினார்கள். நங்கூரத்தை எடுக்காமலே படகு பறந்தது. நாற்பத்தேழு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். பிறகு எல்லோரும் கேட்டு ஸ்டேஷன் காட்சியை ஐந்து தடவை திருப்பிப் போட்டார்கள். ஐந்தாவது தடவை வசனத்தை வீடே சேர்ந்து சொன்னது.

இத்தனை வருடத்தில் நான் பெரிய திரையில் எவ்வளவோ படம் பார்த்துவிட்டேன். நம் பேச்சு ஒரு கொலை வழக்கைத் தீர்த்ததை அந்த இருபத்தோரு அங்குலத்தில்தான் பார்த்தேன். அந்தப் படத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையும் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதியிருக்கிறேன், ஆகஸ்ட் 5, இரண்டு பக்கம்.

தலைவர் எழுந்து வாசலுக்குப் போனார். "மொத பானை உன்துதாம்மா," என்றார். அம்மா அவரைப் பார்க்காமல் பெரியம்மாவைப் பார்த்தாள்.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கற?" என்றாள் பெரியம்மா. "காலைலயே பெரிய பானைல கரைச்சிட்ட. புளிச்ச வாசன எங்க வூடு வரைக்கும் வருது. நான் சின்னப் பானைலதான்மே கரைச்சு வெச்சுருக்கேன்."

அம்மா தலைவரிடம் திரும்பினாள். "காலைல எனக்கு ஒரு வேல கீது. முட்ச்சுட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன். கொஞ்சம் நேரமாவும். இருப்பீங்களா?"

"இருப்போம்," என்றார் தலைவர்.

*

மறுநாள், ஆகஸ்ட் 6, ஞாயிறு. அம்மா என்னை 4.20க்கு எழுப்பினாள். அவள் குளித்து முடித்திருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. பானையின் துணியைப் பிரிக்கவில்லை. தட்டு இரண்டையும் டப்பாவில் வைத்து, பாயின் சட்டைத் துணியில் சுற்றி, மடியில் கட்டிக்கொண்டாள். நைனா பஸ் நிற்கும் இடம் வரை டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். முதல் பஸ் 4.55.

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினோம். 5.50. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டே திறந்தார். அம்மாவைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார்.

"இன்னாம்மா அவசரம்? அடுத்த வாரம் குடுத்தா போறாதா?"

அம்மா இரண்டு கையாலும் டப்பாவை நீட்டினாள்.

"அடுத்தவங்க பொருள் பாய். வூட்ல வெச்சுக்கினு அம்மனுக்கு மொத பானை ஏத்தக்கூடாது. ஊரே நின்னுக்கினு கீது, நான் போவணும்."